மகிளா கோர்ட்டுல பத்து வருசம் தீர்ப்பாயிருச்சு, ஐகோர்ட்டுக்கு அப்பீல் போறதுன்னா என்னென்ன செய்யணும்?

தங்கச்சி, நீங்க கேட்டத மத்தவங்களுக்கும் புரியிற மாதிரி மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். உங்க அத்தை குடும்பம் 1969க்கு அப்புறம் மலேசியாவுல வேலை பெர்மிட் கெடைக்காம தோட்டத்த விட்டு ஊருக்கே திரும்பிப் போன குடும்பம், இப்ப புதுக்கோட்டை பக்கம் இருக்காங்க. அத்தையோட பேரன் மேல 2021ல நடந்ததா ஒரு பொண்ணு புகார் குடுத்து, கேஸ் நடந்து, போன மாசம் மகிளா கோர்ட்டுல ஐபிசி 376ல, அதாவது பலாத்காரக் குற்றத்துக்கு, பத்து வருசம் கடுங்காவல்னு தீர்ப்பு வந்து, பையன திருச்சி சென்ட்ரல் ஜெயிலுக்கு கொண்டு போயிட்டாங்க. பொண்ணுக்கு அப்ப வயசு இருவத்தொண்ணு. ரெண்டு பேரும் பழகுனாங்க, கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லி ஏமாத்திட்டான்ங்கறது பொண்ணு தரப்பு, விரும்பித்தான் பழகுனோம் அப்புறம் வீட்டுல ஒத்துக்கலங்கறது பையன் தரப்பு. ஊர்ல ஒருத்தர் பத்து லட்சம் குடுத்தா மூணு மாசத்துல வெளில எடுத்துரலாம், பொண்ணு வீட்டுல பேசி முடிச்சிட்டா கேஸே நிக்காதுன்னு சொல்றாரு, அத்தை போன்ல அழுவுறாங்க, உங்கப்பா ஈபிஎஃப் காச எடுத்து அனுப்பிடலாமான்னு யோசிக்கிறாரு. இது சரியா, இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்துகிட்டு நாம என்ன செய்யணும்னு கேட்டீங்க.

அந்தப் பத்து லட்சம், நம்ம காசுக்கு கிட்டத்தட்ட அம்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்), அத தயவுசெஞ்சு அந்த ஆளுக்கு அனுப்பாதீங்க. அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. அப்பீல்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கு, அது அந்தப் பையனோட சட்ட உரிமை, அத ஒழுங்கா செய்யலாம், ஆனா அதுக்கான வழி அந்த ஆளு சொல்ற வழி இல்ல. நான் கல்யாணமாயி இங்க வர்றதுக்கு முன்னாடி மெட்ராஸ் ஐகோர்ட்டோட மதுரை பெஞ்ச்ல கிரிமினல் சைடுல வக்கீலா இருந்தவ, குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கும் நின்னுருக்கேன், பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கும் நின்னுருக்கேன். இங்க கோர்ட்டுல நிக்க எனக்கு லைசன்ஸ் கெடையாது, ஆனா அங்க எப்படி நடக்கும்னு தெரியும், அதனால ரெண்டு பக்கத்தையும் மனசுல வச்சுத்தான் எழுதுறேன். அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அத முடிவு பண்றது நம்ம வேலையும் இல்ல.

மொதல்ல நாள் கணக்கு. இங்க மலேசியாவுல தீர்ப்பு வந்து 14 நாளுக்குள்ள அப்பீல் நோட்டீஸ் குடுக்கணும், அத வச்சு உங்க வீட்டுக்காரர் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிருக்காரு, அது இந்தியாவுக்குப் பொருந்தாது. மகிளா கோர்ட் ஜட்ஜ் செசன்ஸ் ஜட்ஜ் அந்தஸ்துல இருக்கறவங்க, அவங்க குடுத்த தண்டனைக்கு அப்பீல் நேரா ஐகோர்ட்டுக்குத்தான் போகும், அதுக்கு 60 நாள் டைம். தீர்ப்போட சர்டிஃபைட் காப்பிக்கு மனு போட்டு அது கைக்கு வர்ற வரைக்கும் ஆகுற நாள அந்த 60ல சேக்க மாட்டாங்க. அதையும் தாண்டிட்டாலும் ஏன் லேட்டுன்னு காரணம் சொல்லி ஒரு மனு போடலாம், ஜெயில்ல இருக்கறவன், வக்கீலுக்குக் காசு இல்லாதவன்னா கோர்ட் பொதுவா கொஞ்சம் இரக்கமா பாக்கும், ஆனா அத நம்பி உக்காந்திருக்காதீங்க. இன்னொண்ணு, ஜெயில் தண்டனை விதிச்ச உடனே தீர்ப்போட ஒரு காப்பிய காசில்லாம குற்றவாளி கையில குடுக்கணும்னு சட்டமே இருக்கு, அதனால ஒரு காப்பி பையன்கிட்டயே இருக்கணும், அத்தைய அடுத்த தடவ ஜெயில்ல மனு போட்டு பையன பாக்கப் போகும்போது கேக்கச் சொல்லுங்க. புதுக்கோட்டை மாவட்டம் மதுரை பெஞ்ச்க்கு கீழ வருது, 2004ல அந்த பெஞ்ச் ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பக்கத்து ஆளுங்க சென்னைக்கு ஓட வேண்டியதில்ல. அந்த ஆளு சென்னைல பெரிய வக்கீல் இருக்காருன்னு சொன்னாரே, கேஸ் அங்க வரவே வராது.

செக்‌ஷன் நம்பர் பாத்து கொழம்பிக்காதீங்க. 2024 ஜூலை 1ல இருந்து இந்தியாவுல பழைய சட்டமெல்லாம் மாறிப் போச்சு, ஐபிசிங்கற குற்றச் சட்டத்துக்கு பதிலா பிஎன்எஸ், சிஆர்பிசிங்கற விசாரணை நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா பிஎன்எஸ்எஸ். சம்பவம் 2021ங்கறதால குற்றமும் தண்டனையும் பழைய ஐபிசி 376 படிதான் இருக்கும், ஆனா அப்பீல் இப்ப போடுறதால மனுவுல பிஎன்எஸ்எஸ் 415னு போடுவாங்க. 376க்கு 2018 திருத்தத்துக்கு அப்புறம் கொறஞ்சபட்ச தண்டனையே பத்து வருசம், அதனால ஜட்ஜ் கடுமையா குடுத்துட்டாங்கன்னு நெனைக்காதீங்க, அந்த செக்‌ஷன்ல குற்றவாளின்னு முடிவு பண்ணிட்டா அதுக்குக் கீழ எறங்க அவங்களுக்கு அதிகாரம் இல்ல. 2013க்கு முன்னாடி தனிப்பட்ட காரணம் எழுதி கொறைக்கலாம், அந்த வழிய 2013லயே எடுத்துட்டாங்க. அதனால வயசு சின்னது, அம்மா ஒடம்பு சரியில்ல, ஒரே மகன்னு சொல்லி பத்த ஏழா கொறைக்கச் சொல்றதெல்லாம் ஐகோர்ட்டுலயும் நடக்காது. 376ல குற்றவாளிங்கற முடிவே நிக்குமா நிக்காதாங்கறதுதான் அங்க சண்டை. ரிமாண்டுல இருந்த நாளெல்லாம் தண்டனைல கழிஞ்சிடும், அது பத்தி பயப்பட வேணாம். ரோத்தான் அடிப்பாங்களான்னு உங்கம்மா கேட்டாங்களே, இந்தியாவுல பிரம்படி தண்டனையே கெடையாது.

இப்ப முக்கியமான எடம். அப்பீல்னா திரும்ப மொதல்ல இருந்து கேஸ் நடக்கும், பையன் போய் ஜட்ஜ்கிட்ட தன் கதைய சொல்லுவான், நாம புதுசா சாட்சி கொண்டு போலாம்னு நெனைச்சா அது தப்பு. ஐகோர்ட்டுல ஒரு சாட்சியும் கூண்டுல ஏற மாட்டாங்க. கீழ்கோர்ட்டுல யார் யார் என்ன சொன்னாங்க, என்னென்ன காகிதம் குறியீடு ஆச்சு, அந்தக் கேஸ்கட்டு அப்படியே மேல வரும், ரெண்டு வக்கீலும் அத வச்சுத்தான் பேசுவாங்க. ஐகோர்ட்டுக்கு சாட்சியத்த முழுசா மறுபடி எடை போட அதிகாரம் இருக்கு, தீர்ப்பு தப்புன்னா விடுதலை பண்ணலாம், செக்‌ஷன மாத்தலாம், திருப்பி விசாரிக்கச் சொல்லலாம், ஆனா எல்லாமே அந்தக் காகிதத்துக்குள்ள இருந்துதான். கூடுதல் சாட்சியம் எடுக்க ஒரு செக்‌ஷன் இருக்கு, பழசுல 391 புதுசுல 432, ஆனா கீழ்கோர்ட்டுல கொண்டு வந்திருக்க முடிஞ்சத சோம்பேறித்தனமா விட்டுட்டு இப்ப கொண்டு வர்றேன்னா ஒத்துக்க மாட்டாங்க.

அதனால காப்பி கைக்கு வந்ததும் தீர்ப்ப படிக்கிறதோட நிறுத்தாதீங்க, சாட்சி வாக்குமூலம் எல்லாத்தையும் வாங்கணும். தமிழ்நாட்டு கீழ்கோர்ட்டுல அது தமிழ்லயே இருக்கும், உங்களாலயே படிக்க முடியும். தீர்ப்போட கடைசி பக்கத்துல ஒரு பட்டியல் இருக்கும், அரசுத் தரப்பு சாட்சி ஒண்ணுல இருந்து வரிசையா, அப்புறம் எக்ஸிபிட் பி1, பி2ன்னு ஆவணங்க, அப்புறம் சான்றுப் பொருள்னு. பி.டபிள்யூ.1, அதாவது அரசுத் தரப்பு மொத சாட்சி, பெரும்பாலும் அந்தப் பொண்ணுதான். அந்த வாக்குமூலத்துல மொதல் விசாரணை முடிஞ்சு குறுக்கு விசாரணைன்னு ஆரம்பிக்கிற எடத்துல இருந்து பொறுமையா படிங்க. பக்கம் பக்கமா "என்றால் சரியல்ல" "என்றால் சரியல்ல"ன்னு வரும். அதாவது நம்ம வக்கீல் இப்படித்தானே நடந்துச்சுன்னு கேட்டாரு, பொண்ணு இல்லன்னு சொல்லிடுச்சு, அவ்வளவுதான். அந்த வரிகள வச்சு ஐகோர்ட்டுல ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா அது வக்கீலோட கேள்வி, சாட்சியம் இல்ல. நாம தேடுறது வேற மாதிரி வரி. உதாரணத்துக்கு, கோர்ட்டுல பொண்ணு அவன் தாலி வாங்கிட்டு வந்து காட்டி நம்ப வச்சான்னு சொல்லியிருக்குன்னு வச்சுக்குவோம், போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல தாலி பத்தி ஒரு வார்த்தை இல்ல. இது பெரிய முரண்பாடு. ஆனா அந்த போலீஸ் வாக்குமூலத்த நேரா எடுத்து ஐகோர்ட் ஜட்ஜ்கிட்ட பாருங்க சார்னு காட்ட முடியாது. கீழ்கோர்ட்டுல நம்ம வக்கீல் பொண்ணுகிட்ட இத போலீஸ்ல சொன்னீங்களான்னு கேட்டு, அது சொன்னேன்னு சொல்லி, அப்புறம் விசாரணை அதிகாரி கூண்டுல ஏறும்போது அவர்கிட்ட இந்த சாட்சி தாலி பத்தி உங்ககிட்ட சொன்னாங்களான்னு கேட்டு, அவரு "என் விசாரணையில் அவ்வாறு கூறவில்லை"ன்னு சொல்லியிருக்கணும். அந்த ரெண்டு வரி ரெண்டு வாக்குமூலத்துலயும் இருந்தாத்தான் முரண்பாடு நிரூபணமாச்சுன்னு அர்த்தம். அதிகாரிய ஒழுங்கா கிராஸ் பண்ணாம விட்டிருந்தா அந்த பாயிண்ட் போச்சு, எவ்வளவு பெரிய வக்கீல வச்சாலும் திரும்பி வராது. நல்ல அப்பீல் வக்கீல் கட்ட வாங்குன உடனே மொதல்ல அந்த அதிகாரியோட குறுக்கு விசாரணையத்தான் திருப்பிப் பாப்பாரு.

அதே மாதிரி 313 கேள்வி. சாட்சியெல்லாம் முடிஞ்சதும் ஜட்ஜ் குற்றம் சாட்டப்பட்டவன்கிட்ட உனக்கு எதிரா இப்படி இப்படி சாட்சியம் வந்திருக்கு என்ன சொல்றன்னு ஒவ்வொண்ணா கேக்கணும். நம்ம பசங்க முக்காவாசி பேரு எல்லாத்துக்கும் "பொய்"னு ஒரே வார்த்தைய சொல்லிட்டு வந்துடுவாங்க, விளக்கம் சொல்ல இருந்த சந்தர்ப்பம் அதோட போயிடும். ஆனா ஜட்ஜ் முக்கியமான ஒரு சாட்சியத்த கேள்வியா வைக்காமலே விட்டுட்டு, தீர்ப்புல அத வச்சு தண்டிச்சிருந்தா, அதனால பையனுக்குப் பாதிப்புன்னு காட்டி அப்பீல்ல வாதாடலாம். தீர்ப்ப ஒரு கையிலயும் 313 கேள்விகள இன்னொரு கையிலயும் வச்சு ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க.

கல்யாண வாக்குறுதி விசயத்துல சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கணும், உங்க கேஸ் நிக்கிறதும் விழுறதும் அங்கதான். 2019ல பிரமோத் சூர்யபான் பவார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: குடுத்த வாக்க பின்னாடி காப்பாத்தாம போறது வேற, குடுக்கும்போதே காப்பாத்துற எண்ணமே இல்லாம பொய்யா குடுக்குறது வேற. ரெண்டாவதுதான் சம்மதத்த சம்மதம் இல்லாம ஆக்கும், அதுவும் அந்தப் பொண்ணு எடுத்த முடிவுக்கு அந்தப் பொய் நேரடியா காரணமா இருந்திருக்கணும். அதே 2019ல அனுராக் சோனி கேஸ்ல வேற மாதிரி முடிஞ்சது, அதுல அந்த ஆளு ஆரம்பத்துலயே வேற பொண்ண கட்டிக்கப் போறது தெரிஞ்சே வாக்குக் குடுத்தாருங்கறது சாட்சியத்துல வந்துச்சு, குற்றவாளிங்கற முடிவு நின்னுருச்சு. அப்ப உங்க பையன் கேஸ்ல கேக்க வேண்டியது என்னன்னா, வாக்குக் குடுத்த காலத்துல அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு காட்டுற எது ரெக்கார்டுல இருக்கு? பொண்ணு பாக்க வந்தாங்களா, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசுனாங்களா, எப்ப மறுத்தான், ஏன் மறுத்தான். சாதி காரணமா வீட்டுல மறுத்திருந்தா அதையும் மறைக்காம வக்கீல்கிட்ட சொல்லுங்க, ஏன்னா சாதி வேறன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சு, வீட்டுல ஒத்துக்கவே மாட்டாங்கன்னும் தெரிஞ்சே வாக்குக் குடுத்தான்னு அரசு வக்கீல் வாதாட எடம் இருக்கு. தீர்ப்புல வெறும் 376(1) இருக்கா இல்ல 376(2)(என்) இருக்கான்னும் பாருங்க. (என்)னா ஒரே பொண்ண திரும்பத் திரும்பங்கறது, அதுல பொண்ணு சம்மதிக்கலன்னு கோர்ட்டுல சொன்னா சம்மதம் இல்லன்னே கோர்ட் அனுமானிக்கணும், சாட்சிய சட்டம் 114ஏ. ரெண்டுக்கும் வாதம் ஒண்ணு இல்ல. சில அப்பீல்ல 376 நிக்கலன்னு எடுத்துட்டு ஏமாத்துனதுக்கு 417 மட்டும் நிக்க வைப்பாங்க, அதுக்கு அதிகபட்சமே ஒரு வருசம்தான்.

எது எடுபடாதுன்னும் சொல்லிடுறேன். அந்தப் பொண்ணு நடத்த சரியில்ல, வேற பையன்கூட பேசுச்சு, இப்படி எல்லாம் பேச ஆரம்பிச்சீங்கன்னா அது சட்டப்படி கேக்கவே கூடாத விசயம், ஜட்ஜ்க்கு எரிச்சல்தான் வரும். விரல் விட்டு சோதிக்கிற அந்தப் பழைய டெஸ்ட் ரிப்போர்ட் கேஸ்கட்டுல இருந்தா அத ஆயுதமா எடுக்காதீங்க, மெட்ராஸ் ஐகோர்ட் 2022 ஏப்ரல்ல அத நிறுத்தச் சொல்லிருச்சு, அதே வருசம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அத செய்யிறவங்க மேல ஒழுங்கு நடவடிக்கைன்னே சொல்லிருச்சு. ஒரே சாட்சிதானே, வேற யாரும் பாக்கலயேங்கறதும் எடுபடாது, பொண்ணோட சாட்சியம் நம்புற மாதிரி இருந்தா அது ஒண்ணே போதும்னு 1996 குர்மித் சிங் தீர்ப்புல இருந்து சொல்லிட்டு வர்றாங்க. புகார் குடுக்க லேட்டாச்சுங்கறதும் தனியா நிக்காது, குடும்ப மானம்னு யோசிச்சு லேட்டாகறது சகஜம்னு கோர்ட்டுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போன பொண்ணுங்கள பாத்திருக்கேன்.

அடுத்தது, அப்பீல் முடியிறதுக்குள்ள வெளில வர முடியுமா. இதுக்கு தண்டனைய நிறுத்தி வைக்கிற மனுன்னு பேரு, பழைய 389, புது 430. அப்பீல் நம்பர் ஆனதும் கூடவே போடுவாங்க. பத்து வருசத்துக்குக் கொறையாத தண்டனை வரக்கூடிய குற்றம்ங்கறதால அரசு வக்கீலுக்கு எழுத்துல எதிர்ப்பு சொல்ல சந்தர்ப்பம் குடுக்காம விட முடியாது, ஆகவே அன்னைக்கே ஆர்டர் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆயுள் தண்டனைன்னா தீர்ப்ப மேலோட்டமா பாத்தாலே விடுதலைக்கு நல்ல வாய்ப்பு தெரியணும்ங்கற அளவுக்கு எதிர்பாப்பாங்க, குறிப்பிட்ட வருச தண்டனைன்னா கொஞ்சம் தாராளமா பாக்கலாம்னு 1999ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, ஆனா இந்த மாதிரி குற்றத்துல ஜட்ஜ் யோசிச்சுத்தான் குடுப்பாங்க. விசாரணை நடந்தப்ப ஜாமீன்ல இருந்தானா, அப்ப ஒரு வாய்தா தவறாம வந்தானா, பொண்ண தொந்தரவு பண்ணானா, அபராதம் கட்டியாச்சா, எவ்வளவு நாள் உள்ள இருந்துட்டான், அப்பீல் சீக்கிரம் விசாரணைக்கு வருமா, இதெல்லாம் பாப்பாங்க. மொத மனு தள்ளுபடி ஆனா ஒடைஞ்சு போயிடாதீங்க, காலம் போனதும் திரும்ப போடலாம். அங்க அப்பீல் விசாரணைக்கு வர வருசக்கணக்குல ஆகறது உண்டு, அத்தைக்கு அத இப்பவே சொல்லி வச்சிடுங்க, மூணு மாசம்னு நம்பிகிட்டு இருந்தாங்கன்னா நாலாவது மாசம் அவங்கள தாங்க முடியாது.

ஆர்டர் கெடைச்சா ரெண்டு ஜாமீன்தாரர் கேப்பாங்க, அது அங்க உள்ளூர்ல சொத்தோ நெலையான வருமானமோ இருக்குற ஆளுங்களா இருக்கணும், இங்க மலேசிய அடையாள அட்டை வச்சிருக்கற நாம போய் நிக்கிறதெல்லாம் ஒத்து வராது, அதனால சொந்தத்துல யாருன்னு இப்பவே பேசி வச்சுக்கோங்க. வெளில வந்துட்டா இங்க கூட்டிட்டு வந்து சாப்பாட்டுக் கடைல வேலைக்குச் சேத்துடலாம்னு எழுதியிருந்தீங்க. அது வேணாம். நிறுத்தி வைக்கிறது தண்டனையத்தான், குற்றவாளிங்கற தீர்ப்பு அப்படியேதான் இருக்கும், நாட்ட விட்டு கெளம்புனா தலைமறைவுன்னு ஆர்டரே ரத்தாயிடும், அப்பீலும் பாழாயிடும்.

இப்ப பொண்ணு வீட்டுல பேசி முடிக்கிறது. இதுல நான் கோவமா பேசுறேன்னு நெனைச்சாலும் பரவால்ல. இது ராஜி ஆகக்கூடிய குற்றம் இல்ல. 2013ல ஷிம்பு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்கங்கறத வச்சு தண்டனைய கொறைக்கக் கூடாதுன்னு. 2015ல கடலூர் கேஸ் ஒண்ணுல மெட்ராஸ் ஐகோர்ட்டுலயே ஒரு ஜட்ஜ், தண்டனை வாங்குனவர பொண்ணோட சமரசப் பேச்சுக்கு அனுப்பி இடைக்கால ஜாமீன் குடுத்தாரு, அந்தப் பொண்ணு சம்பவம் நடந்தப்ப மைனர், நாடு முழுக்க எதிர்ப்பு வந்துச்சு, அதே சமயத்துல சுப்ரீம் கோர்ட் மதன்லால் கேஸ்ல இதுல சமரசத்துக்கே எடம் இல்லன்னு சொல்ல, ஜூலைல அந்த ஆர்டர அவரே திரும்ப எடுத்துக்கிட்டாரு. குற்றவாளின்னு தீர்ப்பான சொந்தக்காரனையே கல்யாணம் பண்ணி கொழந்தைங்களோட வாழுற பொண்ணுக்காக 2022ல தண்டபாணி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தண்டனைய ரத்து பண்ணுச்சே, ஆமா, அதத்தான் அந்த ஆளு உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. அது சுப்ரீம் கோர்ட் அந்த ஒரு குடும்பத்துக்காக பண்ணுனது, எல்லாருக்கும் பொருந்தாதுன்னு அந்தத் தீர்ப்பே சொல்லுது. உங்க கேஸ்ல அந்தப் பொண்ணு வேற வாழ்க்கைய தேடிகிட்டு இருக்கு. அது வீட்டு வாசல்ல போய் காச நீட்டுனா, தாலி கட்டிக்கிறோம்னு பேசுனா, அது சாட்சிய மெரட்டுன புதுக் கேஸா மாறும், நிறுத்தி வைக்கிற மனுவும் அதோட போச்சு. அதுக்கும் மேல, கோர்ட்டுல அத்தன பேர் முன்னாடி நின்னு கிராஸ் தாங்கி முடிச்ச ஒரு பொண்ண திரும்ப அதுக்குள்ள இழுக்குறது பெரிய பாவம். அத்தைகிட்ட இத நீங்களே சொல்லுங்க, யார் மூலமாவும் சொல்லி அனுப்பாதீங்க.

அந்தப் பொண்ணுக்கும் இந்த அப்பீல்ல எடம் உண்டு. எந்தக் கட்டத்துலயும் தன் பக்கத்த சொல்ல பாதிக்கப்பட்டவங்களுக்கு உரிமை இருக்குன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நிறுத்தி வைக்கிற மனுவுல அது தனி வக்கீல் வச்சு எதிர்த்தா அத சூழ்ச்சின்னு பேசாதீங்க. பேர் விசயத்துல ரொம்ப கவனம் வேணும். பொண்ணு பேரு, ஊரு, அப்பா பேரு, போட்டோ எதையும் வெளில விடறது தனிக் குற்றம், ஐபிசில 228ஏ, இப்ப பிஎன்எஸ் 72. உங்க குடும்ப வாட்சப் குரூப்புல யாரோ தீர்ப்ப போட்டோ எடுத்துப் போட்டதா சொன்னீங்களே, அத இப்பவே அழிக்கச் சொல்லுங்க.

காசு விசயம். ஜெயில்ல இருக்கறவனுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு. மதுரை பெஞ்ச்ல ஐகோர்ட் சட்டப் பணிகள் குழு இருக்கு, ஜெயில் மூலமாவே மனு குடுக்கலாம், இந்தியாவுக்குள்ள இருந்து 15100 நம்பருக்கும் பேசலாம். வக்கீலே இல்லாம ஜெயில் சூப்பிரண்டென்ட் கையில அப்பீல் மனுவ குடுத்தாலும் செல்லும், அத ஐகோர்ட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டியது அவங்க பொறுப்பு. இலவசம்னா மட்டமா இருக்கும்னு நெனைக்காதீங்க, நல்லா வேலை செய்யிற வக்கீலுங்க அதுல நெறைய பேரு. தனியா வக்கீல் வைக்கிறதா இருந்தா, கீழ்கோர்ட்டுல நடத்துனவரே வேணாம், அவர் விட்ட கேள்விய அவரே சொல்லிக் காட்ட மாட்டாரு. மதுரைல கிரிமினல் அப்பீல் நடத்துற ஒருத்தர புடிங்க, பீஸ கட்டம் கட்டமா பேசுங்க, அப்பீல் போட இவ்வளவு, நிறுத்தி வைக்கிற மனுவுக்கு இவ்வளவு, கடைசி வாதத்துக்கு இவ்வளவுன்னு. நேரா அவர் பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்பி ரசீது வாங்குங்க. ஜட்ஜ தெரியும்னு சொல்றவர்கிட்ட இருந்து அன்னைக்கே எழுந்து வந்துடுங்க. வக்காலத்துல கையெழுத்துப் போட வேண்டியது பையன்தான், ஜெயில் அதிகாரி சான்று பண்ணிக் குடுப்பாங்க, நாம இங்க இருந்து கோலாலம்பூர் போய் இந்திய ஹை கமிஷன்ல நிக்க வேண்டிய அவசியமே இல்ல.

இங்க இருந்து நீங்க செய்யக்கூடியது கேஸ கண்ணுல வச்சுக்கிறது. இ-கோர்ட்ஸ் ஆப்ப போன்ல ஏத்துங்க, வக்கீல்கிட்ட கேஸோட அடையாளமான 16 எழுத்து சிஎன்ஆர் நம்பர கேட்டு வாங்குங்க, ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பாத்தாலும் இன்னைக்கு கேஸ் வந்துச்சா, என்ன ஆர்டர், அடுத்து எப்பன்னு தெரிஞ்சுடும். இந்த வாரம் ஜட்ஜ் லீவு, அரசு வக்கீல் டைம் கேட்டாருன்னு ஊர்ல யாராவது சொல்லி காசு கேட்டா உண்மையா பொய்யான்னு அதுலயே பாத்துக்கலாம். அத்தைக்கு மாசா மாசம் திருச்சிக்கு மனு பாக்கப் போக பஸ் காசு அனுப்புங்க, அந்தக் காசு வீண் போகாது, உள்ள இருக்கறவன் தப்பான முடிவு எடுக்காம இருக்க அந்த முகம் வேணும்.

அப்பீல் போட்டதால தண்டனை கூடிருமோன்னு கேட்டீங்க. அவன் போட்ட அப்பீல்லயே கூட்ட முடியாது, தண்டனை போதாதுன்னு அரசுத் தரப்பு தனியா அப்பீல் போட்டா அது வேற விசயம், அப்பயும் நோட்டீஸ் குடுத்து அவன் பக்கம் கேட்டுட்டுத்தான் செய்யணும். ஐகோர்ட்டுலயும் தள்ளுபடி ஆச்சுன்னா சுப்ரீம் கோர்ட்டுக்கு சிறப்பு அனுமதி மனு, அதுக்கு 90 நாள், ஆனா அது உரிமை இல்ல, கேக்கலாமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க, பெரும்பாலானது மொத நாளே தள்ளுபடி ஆயிடும். அங்க மனுவ தாக்கல் பண்ண ஏஓஆர்னு பதிவு பண்ண வக்கீலாலதான் முடியும், மதுரை வக்கீல் நேரா போட முடியாது. அந்தக் கட்டத்துல பையன் வெளில இருந்தான்னா மொதல்ல சரண்டர் ஆகணும், இல்ல சரண்டர்ல இருந்து விலக்கு கேட்டு தனி மனு போடணும், அது இல்லாம கேஸ லிஸ்ட்லயே போட மாட்டாங்க. கீழ்கோர்ட் வாக்குமூலமெல்லாம் தமிழ்ல இருக்கறதால டெல்லிக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், அதுக்கே வாரக்கணக்குல ஆகும். ஐகோர்ட் ஸ்டேஜ்லயே அந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு செட் தயார் பண்ணி வைக்கச் சொல்லி வக்கீல்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க.